மறைவிடத்தில் இரண்டு பேருக்கு இடம்

தையல்காரம்மா: கையத் தூக்குங்க சம்பந்தி. இன்னும் கொஞ்சம்... பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி இல்ல. கிளையப் பிடிக்கிற மாதிரி.

மைக்கம்மா: நான் எதுக்குக் கிளையப் பிடிக்கப் போறேன்? மறைவிடத்துல உக்காந்துதானே பறவையப் பாக்கப் போறோம்?

தையல்காரம்மா: அங்க போய்ச் சேர காட்டுக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். ஒரு ஓடை தாண்டணும். நடுவுல கக்கத்துத் தையல் விட்டுச்சுன்னு வைங்க... இருவாச்சி உங்களத்தான் வேடிக்கை பாக்கும்.

மைக்கம்மா: தைச்சது நீங்க. விட்டா மானம் போறது உங்களுக்கு.

தையல்காரம்மா: முப்பது வருஷத்துல இந்தக் கடையில தைச்சது ஒண்ணும் விட்டதில்ல. திரும்புங்க. மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, காட்டுக்குள்ள மூச்சு விட வேண்டாமா?

மைக்கம்மா: அது சரி, பாக்கெட்டுக்கு எதுக்கு பட்டன்? ஒட்டிப் பிரிக்கிற டேப் வெச்சிருந்தா சட்டுன்னு கண்ணாடிய எடுக்கலாம்ல?

தையல்காரம்மா: காட்டு ஆபீஸ்ல அனுப்பின விதியெல்லாம் படிச்சீங்களா இல்லையா? பதினொண்ணாவது விதி. பிரிச்சா சர்ருன்னு சத்தம் வர்ற எதுவும் உடுப்புல இருக்கக் கூடாது. பட்டன்கூட மினுங்கக் கூடாது. மர பட்டன் தேடி நாலு கடை ஏறி எறங்கினேன்.

மைக்கம்மா: நான் அதுல இருந்த படத்த மட்டும்தான் பாத்தேன்.

தையல்காரம்மா: தெரியும்.

மைக்கம்மா: அந்த அலகு இருக்கே... அலகுக்கு மேல இன்னொரு அலக எடுத்து வெச்ச மாதிரி. டூட்டியில உக்காந்தாலும் அதே நெனப்புத்தான். நேத்து மைக்க ஆன் பண்ணி, 'நடைமேடை நாலில் இருவாச்சி புறப்படத் தயாராக உள்ளது'ன்னு சொல்லிட்டேன்.

தையல்காரம்மா: அய்யோ. நெசமாவா?

மைக்கம்மா: பதினேழு பேரு நடைமேடை நாலுக்குப் போய் நின்னாங்க சம்பந்தி. பெட்டியோட.

தையல்காரம்மா: முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல கத்தின வாய்... அங்க மூணு மணி நேரம் மூடி வெக்கணும். எனக்கு அது ஒண்ணுதான் கவலை.

மைக்கம்மா: உங்க கால் மட்டும் சும்மா இருக்குமா? நாற்காலியில உக்காந்தாலே மிஷின் மிதிக்குது.

தையல்காரம்மா: அத நான் பாத்துக்கறேன். இந்தாங்க, இதையும் போட்டுப் பாருங்க. அட்டை ஏறாம இருக்க காலுறை. முழங்கால் வரைக்கும் இழுத்து நாடாவக் கட்டணும்.

மைக்கம்மா: இது காலுறையா, தலகாணி உறையா?

தையல்காரம்மா: போடுங்க சொல்றேன்.

மைக்கம்மா: ...சம்பந்தி, கண்ணாடியில பாருங்களேன். ரெண்டு தலகாணி எழுந்து நடந்து வருது.

தையல்காரம்மா: சிரிக்க வெக்காதீங்க, வாயில குண்டூசி இருக்கு.

மைக்கம்மா: சரி, அங்க பேசக் கூடாதுன்னா எனக்கு ஏதாச்சும் சொல்லணும்னா என்ன பண்றது?

தையல்காரம்மா: அதுக்கு நான் யோசிச்சு வெச்சிருக்கேன். பக்கத்துல பக்கத்துலதானே உக்காருவோம். முழங்கால்ல தட்டணும். ஒரு தட்டு தட்டினா, மேல பாருங்க, ஆண் பறவை வருது.

மைக்கம்மா: ரெண்டு தட்டு?

தையல்காரம்மா: உங்க மேல அட்டை ஏறுது.

மைக்கம்மா: அதுக்கு நான் கத்திருவேன்.

தையல்காரம்மா: அதுக்குத்தான் மூணு தட்டு. மூணு தட்டினா, அசையாதீங்க, எந்திரிச்சுப் போயிராதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்.

மைக்கம்மா: ஒண்ணு பறவை, ரெண்டு அட்டை, மூணு... போயிராதீங்க. சரி. பிஸ்கட் வேணும்னா?

தையல்காரம்மா: பிஸ்கட்டுக்குத் தட்டே கிடையாது. காகிதம் சரசரக்கும். எல்லாத்தையும் பிரிச்சு துணிப்பையில கொட்டித்தான் எடுத்துட்டுப் போகணும். திரும்பி வரும்போது வாசல்ல பைய சோதிப்பாங்க. கொண்டு போன குப்பை திரும்பி வந்திருக்கணும்.

மைக்கம்மா: கொண்டு போனது திரும்பி வந்திருக்கணுமா... எங்க பஸ் ஸ்டாண்டுல இத ஒரு நாள் சொல்லிப் பாக்கறேன். மணி என்ன?

தையல்காரம்மா: நாலு பத்து. காட்டு ஆபீஸுக்கு மறுபடி போனப் போட்டுப் பாருங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பேசி உறுதி பண்ணலன்னா நம்ம முறை அடுத்தவங்களுக்குப் போயிரும். பதினாலு மாசம் காத்திருந்திருக்கோம்.

மைக்கம்மா: மூணு மணியிலேர்ந்து போட்டுக்கிட்டேதான் இருக்கேன். பிஸி, பிஸி, பிஸி. ஒரு நாளைக்கு இருபது பேரத்தான் காட்டுக்குள்ள விடறாங்க. அதுல கூட்டுக்கு எதிர்ல, மறைவிடத்துல, ரெண்டே ரெண்டு பேரு. ஊர் உலகமே வரிசையில நிக்குது.

தையல்காரம்மா: வாரத்துல ரெண்டு நாள் ஒருத்தரையும் விடறதில்லையாம். காட்டுக்கு லீவாம்.

மைக்கம்மா: எனக்கே வாரத்துல ஒரு நாள்தான்.

தையல்காரம்மா: எல்லாம் அந்தப் புறாவால வந்த வினை.

மைக்கம்மா: எந்தப் புறா... ஓ. பிள்ளைங்க வீட்டு பால்கனிப் புறாவா?

தையல்காரம்மா: கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம். யாரு யாரை சரியா கவனிக்கலன்னு நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். அது பாட்டுக்கு வந்து செருப்பு அலமாரியில முட்டை வெச்சுட்டுப் போச்சு.

மைக்கம்மா: பதினெட்டு நாள். காலையில நீங்க காவல், டூட்டி முடிஞ்சு வந்து நான் காவல். மாப்பிள்ளைக்கு செருப்பு எடுக்க வழியில்ல, வெறுங்காலோட ஆபீஸ் போக வேண்டிய நெலம.

தையல்காரம்மா: குஞ்சு பொரிஞ்ச அன்னைக்குத்தான் நீங்க என்னை மொதல்ல சம்பந்தின்னு வாய் நெறையக் கூப்பிட்டீங்க. அதுவரைக்கும் 'இந்தாங்க', 'பாருங்க'தான்.

மைக்கம்மா: நீங்க மட்டும் என்னவாம்? 'அவங்க அம்மா'ன்னுதானே சொல்லிட்டு இருந்தீங்க.

தையல்காரம்மா: ...அந்த பால்கனி நல்லாத்தான் இருந்துச்சு.

மைக்கம்மா: ஆமா... நல்லா இருந்துச்சு.

தையல்காரம்மா: உங்க போன் அடிக்குது. மருமகதான். எடுங்க.

மைக்கம்மா: வேண்டாம், அப்புறம் பேசிக்கறேன். அந்த நேரம் பாத்து காட்டு ஆபீஸ் லைன் கெடைச்சுட்டா? ...மாப்பிள்ளை எப்படி இருக்காரு?

தையல்காரம்மா: அவனா... வேலை, வேலைன்னு ஓடறான். அவ?

மைக்கம்மா: அவளும் அப்படித்தான். வேலை.

தையல்காரம்மா: நல்லது.

மைக்கம்மா: நல்லது... இந்தக் கை கொஞ்சம் நீளம் இல்ல?

தையல்காரம்மா: கொசுவுக்காக விட்டிருக்கேன். போனப் போடுங்க.

மைக்கம்மா: சம்பந்தி... ரிங் போகுது. சம்பந்தி, ரிங் போகுது.

தையல்காரம்மா: ஸ்பீக்கர்ல போட்டு இப்படி வெட்டுற மேசை மேல வைங்க. துணிய ஒதுக்குங்க. அளவு நாடாவ எடுங்க.

காட்டு ஆபீஸ்: வணக்கம்... மழைக்காட்டுப் பாதுகாப்பகம். முன்பதிவு.

மைக்கம்மா: ஹலோ. கேக்குதா? ஹலோ.

காட்டு ஆபீஸ்: நல்லாவே கேக்குதும்மா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, ஜன்னல்ல அணில் உக்காந்திருக்கு.

மைக்கம்மா: ஏம்மா, உங்களுக்குத் தொண்டை சரியில்லையா?

காட்டு ஆபீஸ்: இல்லம்மா. இங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவோம். பழகிப்போச்சு. வீட்டுல பிள்ளைங்களத் திட்டுறதுகூட இதே குரல்லதான்.

தையல்காரம்மா: பிள்ளைங்க பயப்படுதுங்களா?

காட்டு ஆபீஸ்: கத்தினா பயப்படறதவிட அதிகமாவே பயப்படுதுங்க. வரிசை எண் சொல்லுங்க.

தையல்காரம்மா: நானூத்தி பன்னெண்டு.

காட்டு ஆபீஸ்: இருங்க... ஆங், இருக்கு. கூட்டு மறைவிடம், ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் என்ன உறவு?

மைக்கம்மா: சம்பந்திங்க. என் பொண்ண இவங்க பையனுக்குக் கொடுத்திருக்கேன்.

தையல்காரம்மா: நாலு வருஷமாச்சு.

காட்டு ஆபீஸ்: அப்ப சரி. மறைவிடத்துக்கு மட்டும் ஒரே குடும்பத்து ஆளுங்களத்தான் அனுப்புவோம்.

தையல்காரம்மா: அது ஏம்மா அப்படி?

காட்டு ஆபீஸ்: தோளோட தோள் இடிக்க மூணு மணி நேரம் உக்காரணும்ல. போன வருஷம் முன்னப்பின்னத் தெரியாத ரெண்டு பேரச் சேத்துப் போட்டோம். யாரு காலை யாரு மிதிச்சாங்கன்னு குசுகுசுன்னு ஆரம்பிச்சு கத்தல்ல முடிஞ்சுது. ஆண் பறவை மிரண்டு போய் ரெண்டு நாள் கூட்டுப் பக்கம் வரல. உள்ள தாயும் குஞ்சும் பட்டினி.

மைக்கம்மா: பாவிங்க.

காட்டு ஆபீஸ்: அதுலேர்ந்து இந்த விதி. உள்ள வர்ற அன்னைக்கு வாசல்ல ஒரு நோட்டு இருக்கும். நாங்க ஒரே குடும்பம்னு எழுதி, என்ன உறவுன்னும் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.

தையல்காரம்மா: ...வர்ற அன்னைக்கா? இப்ப சொன்னது போதாதா?

காட்டு ஆபீஸ்: வர்ற அன்னைக்குத்தாம்மா. பொய்னு தெரிஞ்சா உள்ள விட மாட்டோம்.

மைக்கம்மா: நாங்க எதுக்கும்மா பொய் சொல்லப் போறோம்.

தையல்காரம்மா: அதானே.

காட்டு ஆபீஸ்: அடுத்த மாசம் மூணு நாள் காலியா இருக்கு. ஒம்பது, பதினாறு, இருபத்தி மூணு.

மைக்கம்மா: பதினாறு வேண்டாம்.

தையல்காரம்மா: பதினாறு வேண்டாம்.

காட்டு ஆபீஸ்: என்னம்மா, ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சொல்றீங்க?

மைக்கம்மா: எனக்கு அன்னைக்கு... பல் டாக்டரப் பாக்கணும்.

தையல்காரம்மா: எனக்கும்... பல்லுதான்.

காட்டு ஆபீஸ்: ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா?

தையல்காரம்மா: வயசு அப்படிம்மா.

மைக்கம்மா: உங்களுக்குப் பல் வலியா? சொல்லவே இல்ல?

தையல்காரம்மா: நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்.

காட்டு ஆபீஸ்: அப்ப இருபத்தி மூணு வெச்சுக்குங்க. உங்களுக்கு யோகம்தான். அந்த வாரம்தான் குஞ்சு வெளிய வரும். நாலு மாசமா பொந்து வாசல மண்ணால அடைச்சுக்கிட்டு உள்ளயே கெடக்குற தாய், அலகால கொத்தி உடைச்சுட்டு வரும். பின்னாடியே குஞ்சு. வந்து கிளையில நின்னு மொத மொதல்ல வெளிச்சத்தப் பாக்கும்.

மைக்கம்மா: நாலு மாசமும் அந்த ஆண் பறவைதானே ஊட்டுது? ஒரு சின்ன சந்து வழியா?

காட்டு ஆபீஸ்: ஒரு நாளைக்கு இருபது தடவ வரும். அத்திப் பழம், சில சமயம் பல்லி. எங்க வீட்டுக்காரரு ஒண்ணு விடாம எண்ணுவாரு. கூட்டுக் காவல் அவருதான்.

தையல்காரம்மா: ரொம்ப வருஷமா இந்த வேலையா?

காட்டு ஆபீஸ்: அத ஏன் கேக்கறீங்க. முன்னாடி அவரே ஏறிக் குஞ்ச எடுத்து வித்தவருதான். ஏணியே வேண்டாம் அவருக்கு. எந்த மரத்துல ஏறினாரோ அதே மரத்தடியில உக்காந்து இப்ப வேற எவனையும் ஏற விடறதில்ல. ஒரு குஞ்சு பறந்துருச்சுன்னா மூணு நாளைக்கு வீட்டுல வேற பேச்சே கெடையாது.

மைக்கம்மா: கேக்கவே எனக்குப் புல்லரிக்குது. சம்பந்தி, கையப் பாருங்க.

காட்டு ஆபீஸ்: மரமும் அப்படித்தாம்மா. ஒரு பக்கம் வெட்டினோம்னா அப்புறம் முப்பது வருஷத்துக்கு அந்தப் பக்கம் கோடாலி போகாது. நீங்க உக்காரப் போற மறைவிடம்கூட தானா விழுந்த மரத்துல செஞ்சதுதான். அப்ப இருபத்தி மூணு போட்டுரட்டுமா?

தையல்காரம்மா: ...ஒம்பதே போட்டுருங்கம்மா.

காட்டு ஆபீஸ்: ஒம்பதா? ஒம்பதாம் தேதி வந்தா அடைச்ச மண்ணும் ஒரு விரல் சந்தும்தான் தெரியும். ரொம்பப் போனா அலகு நுனி.

மைக்கம்மா: அலகு நுனி போதும்.

தையல்காரம்மா: போதுமா? குஞ்சு பறக்குறதப் பாக்கலன்னா போறதே தண்டம்னு அந்தக் குதி குதிச்சீங்க?

மைக்கம்மா: அது அப்ப. நீங்க எதுக்கு ஒம்பதுன்னு சொன்னீங்க?

தையல்காரம்மா: பதினாறுக்கு மேல எனக்கு... பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற வேலை வந்துரும்.

மைக்கம்மா: பள்ளிக்கூடம் முடிஞ்சு லீவே விடப் போறாங்களே.

தையல்காரம்மா: கிழிச்சுக்கிட்டு வருவாங்கல்ல. உங்களுக்கு என்ன?

மைக்கம்மா: எனக்கு அதுக்கப்புறம் ஷிப்ட் மாறுது. லீவு கெடைக்குமோ என்னவோ.

காட்டு ஆபீஸ்: பதினாலு மாசம் காத்திருந்துட்டு, ரெண்டு வாரம் பொறுக்க முடியலையாம்மா?

தையல்காரம்மா: ஒம்பதுன்னா எல்லாம் சரியா இருக்கும்மா. போடுங்க.

மைக்கம்மா: ஆமா, போடுங்க.

காட்டு ஆபீஸ்: உங்க இஷ்டம். எழுதி வெச்சுக்கறேன். இப்ப அமைதிச் சோதனை.

மைக்கம்மா: அது என்ன சோதனை?

தையல்காரம்மா: பதினாலாவது விதி. நீங்கதான் படம் பாத்துட்டு இருந்தீங்களே.

காட்டு ஆபீஸ்: போன் அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேரும் ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லாம உக்காரணும், நான் காதுல வெச்சுக் கேப்பேன். மூணு வாய்ப்பு. மூணும் போச்சுன்னா இடமும் போச்சு. ஆரம்பம்.

மைக்கம்மா: ...

தையல்காரம்மா: ...

காட்டு ஆபீஸ்: என்னம்மா அது, கறுக்கு கறுக்குன்னு?

மைக்கம்மா: சம்பந்தி, கத்தரி.

தையல்காரம்மா: அய்யய்யோ. கை தானா வெட்டிக்கிட்டு இருக்கு, எனக்கே தெரியல.

மைக்கம்மா: எதை வெட்டினீங்க?

தையல்காரம்மா: உங்க காலுறை நாடாவ.

காட்டு ஆபீஸ்: ஒண்ணு போச்சும்மா.

மைக்கம்மா: கத்தரிய இங்க குடுங்க. ரெண்டு கை மேலயும் உக்காருங்க. கால மிதிக்காதீங்க.

காட்டு ஆபீஸ்: ரெண்டாவது. ஆரம்பம்.

தையல்காரம்மா: ...

மைக்கம்மா: ...

தையல்காரம்மா: ...

மைக்கம்மா: நடைமேடை ரெண்டில் நிற்கும் பேருந்தின் ஓட்டுநர் உடனடியாக வண்டியை எடுக்கவும்.

காட்டு ஆபீஸ்: என்னது?

தையல்காரம்மா: ஒண்ணும் இல்லம்மா, தெருவுல பஸ் ஹாரன் அடிச்சான். ஹாரன் கேட்டா இவங்க வாய் தானா தொறந்துரும்.

மைக்கம்மா: சத்தியமா நான் சொன்னது எனக்கே கேக்கல.

காட்டு ஆபீஸ்: இன்னும் ஒண்ணே ஒண்ணுதாம்மா. தண்ணி குடிச்சு நிதானமாகுங்க, அதுக்குள்ள மத்தத எழுதிக்கறேன். மணி நாலு அம்பது. அஞ்சுக்கு நான் கதவ அடைச்சே ஆகணும். அதுக்கு மேல இந்த வழி யானையோடது.

மைக்கம்மா: யானையா? உங்க ஆபீஸ் வாசல்லயா?

காட்டு ஆபீஸ்: அது வாசல்ல எங்க ஆபீஸ் இருக்கு. அப்படிச் சொல்லணும்.

தையல்காரம்மா: கேளுங்கம்மா, சீக்கிரம் கேளுங்க.

காட்டு ஆபீஸ்: உடம்புக்கு ஏதாச்சும் இருக்கா?

மைக்கம்மா: இவங்களுக்கு மாடி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.

தையல்காரம்மா: இவங்களுக்கு பிரஷர். மாத்திரை போட மறந்துருவாங்க, நான்தான் ஞாபகப்படுத்தணும்.

காட்டு ஆபீஸ்: அவசரம்னா கூப்பிட ரெண்டு பேரு சொல்லுங்க.

தையல்காரம்மா: என் பையன்.

மைக்கம்மா: என் பொண்ணு.

காட்டு ஆபீஸ்: அது ஆகாதும்மா. ரெண்டு பேரும் வேற வேற வீட்டுல இருக்கணும். ஒரு தடவ ஒரே வீட்டு ஆளுங்க ரெண்டு பேர எழுதி, ஒருத்தருக்குக் கால் பிசகினப்போ கூப்பிட்டா, வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் சினிமாவுல. உங்க பையன், அவங்க பொண்ணு... புருஷன் பொண்டாட்டி, ஒரே வீடு. வேற ஒருத்தரச் சொல்லுங்க. நாலு அம்பத்தி ரெண்டு.

மைக்கம்மா: இல்லல்ல, வேற வேற வீடுதான், நீங்க எழுதுங்க.

தையல்காரம்மா: ஆமாம்மா, வேற வேற வீடுதான், அவன் இப்ப என்கூடத்தான...

மைக்கம்மா: அவ என்கூட...

காட்டு ஆபீஸ்: வேற வேற வீடா? அப்ப சரி. முகவரி?

தையல்காரம்மா: ...என் வீட்டு முகவரிதாம்மா. படிவத்துல இருக்கு.

மைக்கம்மா: ...அவளுக்கும் என் முகவரிதான்.

காட்டு ஆபீஸ்: எழுதியாச்சு. கடைசி வாய்ப்பும்மா. இந்தத் தடவ ஜாக்கிரதை. ஆரம்பம்.

மைக்கம்மா: ...

தையல்காரம்மா: ...

மைக்கம்மா: ...

தையல்காரம்மா: ...

மைக்கம்மா: ...

தையல்காரம்மா: ...

காட்டு ஆபீஸ்: அம்மா? ...அம்மா, லைன்ல இருக்கீங்களா? ரெண்டு நிமிஷம் எப்பவோ முடிஞ்சுது. நாலாவது நிமிஷம் ஓடுது. பஸ் ஹாரன்கூட ரெண்டு தடவ கேட்டுச்சு, உங்க மூச்சு கேக்கல. இத்தனை வருஷத்துல இப்படி யாரும் பாஸ் பண்ணினதில்ல.

மைக்கம்மா: ...சந்தோஷம்மா.

காட்டு ஆபீஸ்: அப்ப ஒம்பதாம் தேதி. உறுதி பண்ணிரட்டுமா?

தையல்காரம்மா: ஒரு நிமிஷம்மா. இருபத்தி மூணு இன்னும் காலியா இருக்கா?

மைக்கம்மா: சம்பந்தி...

காட்டு ஆபீஸ்: இப்பத்தானே வேண்டாம்னீங்க? இருங்க, பக்கத்து மேசையில யாராச்சும் எடுத்துட்டாங்களான்னு கேட்டுட்டு வந்துடறேன். வெச்சுராதீங்க.

மைக்கம்மா: ...எத்தனை நாளாத் தெரியும்?

தையல்காரம்மா: மூணு மாசம். உங்களுக்கு?

மைக்கம்மா: அதே மூணு மாசம்.

தையல்காரம்மா: அத்தைக்கு பிரஷர், இப்ப சொல்லாதம்மா, பதினாறு முடியட்டும்னான்.

மைக்கம்மா: உங்களுக்கு நெஞ்சு படபடப்பு, வாயத் தொறக்காதம்மான்னா அவ. வாயத் தொறக்காதன்னு என்கிட்டப் போய் சொல்றா பாருங்க.

தையல்காரம்மா: தொறக்கலையே நீங்க. மூணு மாசமா தெனம் இங்க வந்து உக்காந்து பட்டன் எடுத்துக் குடுத்தீங்க. ஒரு வார்த்த சொல்லல.

மைக்கம்மா: நீங்க மட்டும்? மருமகளுக்குன்னு அந்த நீலத் துணிய எடுத்து வெச்சிருந்தீங்க. அதப் பாக்கறப்பல்லாம் வேற பக்கம் திரும்பிக்குவேன். இவங்களுக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு.

தையல்காரம்மா: அது அவளுக்குத்தான். தெரிஞ்சுதான் எடுத்து வெச்சேன். யாரு என்ன சொன்னாலும் அவளுக்குத்தான் தைப்பேன்.

மைக்கம்மா: ...எனக்கு வேற ஒண்ணும் பயமில்ல சம்பந்தி. அதுக்கப்புறம் எந்த உரிமையில இந்தக் கடைப் படி ஏறுவேன்னுதான். அதான் ஒம்பதுன்னேன். ஒரு தடவையாச்சும் சேந்து போயிரலாம்னு.

தையல்காரம்மா: நானும் அதுக்குத்தான். பொய்யில்லாம கையெழுத்துப் போட ஒம்பதுதானே கடைசின்னு.

மைக்கம்மா: அப்ப பல்லு?

தையல்காரம்மா: எல்லாம் கல்லு மாதிரி இருக்கு.

மைக்கம்மா: எனக்கும்தான்.

தையல்காரம்மா: ...சோதனையப்ப என் முழங்கால்ல மூணு தட்டு தட்டினீங்க.

மைக்கம்மா: எந்திரிச்சுப் போயிருவீங்களோன்னு இருந்துச்சு.

தையல்காரம்மா: இது என் கடை. நான் எங்க போவேன்? மூக்கத் தொடைங்க, புதுச் சட்டையில ஒட்டப் போகுது. பதினாறு எத்தனை மணிக்கு?

மைக்கம்மா: பத்தரை.

தையல்காரம்மா: ஒண்ணாவே போவோம். எந்த நடைமேடை?

மைக்கம்மா: நாலு.

காட்டு ஆபீஸ்: அம்மா, இருக்கீங்களா? இருபத்தி மூணு காலிதான், மாத்திட்டேன். குஞ்சு பறக்குறத மறைவிடத்துலேர்ந்து பாக்கப் போறது நீங்க ரெண்டு பேருதான். வாசல்ல கையெழுத்து, ஞாபகம் இருக்கட்டும்... உறவு அன்னைக்கும் இதேதானே? சம்பந்திங்க?

மைக்கம்மா: இதேதாம்மா. பதினாறாம் தேதி கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுப் பிரியப் போறது எங்க பிள்ளைங்க. நாங்க இருபத்தி மூணாம் தேதி உங்க வாசல்ல கையெழுத்துப் போட்டுட்டு, சம்பந்திங்களாவே உள்ள வருவோம்.